லேய்சாவின் விண்ணப்பமும் விடுபட்ட வரிகளும்

கிரான்மோ ஊராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவு என்றால் அது நான் ஒருத்திதான். பெயர் தோருன். பெர்கன் நகரத்திலிருந்து இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், இருபத்தோரு வருடமாக இங்கேயே இருக்கிறேன். ஆட்டுக் கொட்டகை, படகுக் கொட்டில், மலைக்குடில், பனி விழுந்து சரிந்த கூரை என்று எது இருந்தாலும் அதற்கான தாள் என் மேசைக்குத்தான் வரும்.

அந்தச் செப்டம்பரில் வந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. அது தென்ஸாமி மொழியில் இருந்தது, நார்வேயில் பனிமான் மேய்த்து வாழும் ஸாமி பழங்குடியினரின் மொழிகளில் ஒன்று.

எங்கள் ஊராட்சி ஸாமி மொழி நிர்வாகப் பகுதியில் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சேர்ந்த அன்று அலுவலக வாசலில் இரண்டு மொழிகளிலும் பெயர்ப்பலகை மாட்டினோம். வாஃபிள் சுட்டு ஊருக்கெல்லாம் கொடுத்தோம். ஸாமி மொழியில் எழுதுகிறவருக்கு ஸாமி மொழியிலேயே பதில் எழுத வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் நான்கு வருடத்தில் ஒருவரும் எழுதவில்லை. தென்ஸாமி பேசுகிறவர்கள் எங்கள் ஊராட்சியில் மொத்தம் பதினேழு பேர். அவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் ஆறு பேர் இருப்பார்கள். அந்த ஆறு பேருக்கும் நார்வீஜியமும் நன்றாகத் தெரியும்.

விண்ணப்பித்தவர் லேய்சா. அறுபத்தாறு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் போனில் கூப்பிட்டேன்.

"லேய்சா, உங்க விண்ணப்பம் வந்திருக்கு. இத நார்வீஜியத்துல ஒரு தடவ எழுதிக் குடுத்தீங்கன்னா வேல சட்டுனு முடிஞ்சுரும்."

"சட்டுனு முடியணும்னு நான் சொன்னேனா?"

"இல்ல, உங்க சௌகரியத்துக்குத்தான் சொல்றேன்."

"வாசல்ல பலகை மாட்டியிருக்கீங்கள்ல?"

"மாட்டியிருக்கோம்."

"அது எதுக்குன்னு நெனச்சே? ஆணி வீணாப் போயிடக் கூடாதுன்னா?"

போனை வைத்தேன். தாளை எடுத்துக்கொண்டு நூலகத்து மாடிக்குப் போனேன். அங்கேதான் ஊராட்சியின் மொழிபெயர்ப்பாளருக்கு ஓர் அறை கொடுத்திருந்தோம். பெயர் கிளெமெட். லேய்சாவுக்கு நான்கு வயது இளையவர், கூடப் பிறந்த தம்பி.

அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டு பதினொரு வருடம் ஆகிறது. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கடையில் அவர் நின்றால், இவர் வண்டியை விட்டு இறங்க மாட்டார். இறங்கிய பிறகு பார்த்துவிட்டால், அக்காள் சாமான் வாங்கி முடித்துப் போகும்வரை தம்பி பால் அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் தேதி பார்த்துக்கொண்டிருப்பார். சொந்தக்காரர் விஷயத்தை ஊராட்சி ஊழியர் கையாளக்கூடாது என்ற விதியும் எனக்குத் தெரியும். ஆனால் தென்ஸாமி மொழிபெயர்ப்பாளர் எங்களுக்கு அவர் ஒருவர்தான். பக்கத்து ஊராட்சியில் இருந்தவள் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். அதனால் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன்.

"யாரோடதுன்னு பாத்தீங்கள்ல?" என்று கேட்டேன்.

"பாத்தேன்."

"பண்ண முடியுமா?"

"வேலதானே," என்றார் கிளெமெட்.

மூன்றாம் நாள் மொழிபெயர்ப்பு வந்தது. சுத்தமாக, ஒரு திருத்தம்கூட இல்லாமல் இருந்தது. மேலேரிக் கரையில் குடும்ப நிலத்தில் லேய்சாவுக்கு ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும். ஓர் அறை, அடுப்படி, கழிப்பறை. இப்போது இருக்கும் வீட்டில் படுக்கை மாடியில் இருக்கிறது, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இவ்வளவுதான்.

நிலத்தின் ஏற்ற இறக்கம் காட்டும் வரைபடம் வேண்டும் என்று நான் பதில் எழுதினேன். கிளெமெட் அதை ஸாமியில் ஆக்கினார். அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். லேய்சாவிடமிருந்து பதில் வந்தது. பிறகு பாதை வசதி பற்றியும் கடைசியாகக் கழிவுநீர்க் குழாய் பற்றியும் நான் கேட்டேன், அவற்றுக்கும் வந்தது. இப்படியே அந்தப் பக்கமிருந்து நான்கு, இந்தப் பக்கமிருந்து மூன்று என்று ஜனவரிவரை கடிதங்கள் போய் வந்தன.

அதே குளிர்காலத்தில் ஊராட்சி ஊழியர்களுக்கு மொழி வகுப்பு ஒன்று தொடங்கியது. புதன்கிழமைதோறும் வேலை நேரத்திலேயே இரண்டு மணி நேரம், கணினி வழியாக. தொடங்கும்போது ஒன்பது பேர் இருந்தோம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நானும் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஒருவரும் மட்டும் மிஞ்சினோம். எனக்கு அந்த மொழியின் மேல் பெரிய காதல் ஒன்றும் கிடையாது. படிக்கத் தெரியாத கடிதத்துக்குக் கீழே மாதக்கணக்காகக் கையெழுத்துப் போடுவது உறுத்திக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

பாடப் புத்தகத்தில் சிறுவர்கள் பந்து விளையாடிக்கொண்டே இருந்தார்கள். எனக்குச் சலித்துப்போய்விட்டது. என்னிடம் இரண்டு மொழிகளிலும் இருந்த ஒரே பொருள் லேய்சாவின் கோப்பு. பிப்ரவரியில் ஒரு மதியம் முதல் கடிதத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அகராதியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.

மூலத்தில் பத்தொன்பது வாக்கியம். மொழிபெயர்ப்பில் பதினெட்டு.

இரண்டு வாக்கியத்தை ஒன்றாகச் சேர்த்திருப்பார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. கடைசி வாக்கியத்துக்கு இந்தப் பக்கம் ஜோடியே இல்லை. அதை மட்டும் சொல் சொல்லாகத் தேடிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

'அப்பா பனிமான் பிடிக்கும் சுருக்குக்கயிறு இன்னும் கொட்டகை ஆணியில்தான் தொங்குகிறது.'

நான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று இரண்டாம் கடிதத்தை எடுத்தேன். அதிலும் கடைசியில் ஒன்று விடுபட்டிருந்தது. 'இந்த வருடம் ஏரி ஓரம் அக்டோபர் முதல் வாரமே உறைந்துவிட்டது, நாம் படகோடு மாட்டிக்கொண்ட வருடம் மாதிரி.' மூன்றாம் கடிதத்தில்: 'ரிஸ்டின் போன் செய்தாள். புகைக்கு நம் பாஷையில் என்ன சொல் என்று கேட்டாள். சொன்னேன்.'

ரிஸ்டின் கிளெமெட்டின் மகள். இருபத்தாறு வயது, ட்ரோண்ட்ஹெய்ம் நகரத்தில் வேலை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. எழுந்து போய்க் காபி எடுத்துக்கொண்டு வந்தேன். பிறகுதான் எங்கள் பக்கத்துக் கடிதங்களையும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. முதல் இரண்டும் சரியாக இருந்தன. கழிவுநீர்க் குழாய் பற்றிய மூன்றாவதில், நான் எழுதிய ஆறு வாக்கியத்துக்கு அப்புறம், என் கையெழுத்துக்கு மேலே, ஏழாவதாக ஒன்று இருந்தது.

'வடக்குச் சுவரைக் கல்லின் மேல் வை. மே மாதம் அங்கே தண்ணீர் நிற்கும்.'

லேய்சாவின் நான்காம் கடிதத்தில் விடுபட்ட வரி அதற்குப் பதில். 'கல் வைக்க ஆள் சொல்லியாகிவிட்டது.'

மறுநாள் காலை நூலகத்து மாடிக்குப் போனேன். ஏழு கடிதங்களையும் கிளெமெட்டின் மேசைமேல் வரிசையாக வைத்தேன். அந்த வரிகளின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தேன். அவர் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வகுப்புக்கு ஒழுங்காப் போறீங்க போல," என்றார்.

"ஏன் விட்டீங்க?"

"அது கட்டடத்தப் பத்தி இல்ல."

"நீங்க சேத்தது கட்டடத்தப் பத்திதான். ஆனா அத நான் சொல்லல. என் கையெழுத்து அதுக்குக் கீழ இருக்கு, கிளெமெட்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே யாரோ கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். 

"அங்க தண்ணி நிக்கும்," என்றார். "அது அவளுக்குத் தெரியாது. சின்ன வயசுல அவ பனிமான் மந்தையோட போயிடுவா. மே மாசம் ஏரிக்கரையில இருந்தவன் நான். சுவர் உக்காந்துடும்னு தெரிஞ்சும் எப்படிச் சும்மா இருக்கறது?"

"போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்கே தெரியும்."

"என்னதான் நடந்துச்சு உங்களுக்குள்ள?"

அவர் சொன்னார். அவர்களுடைய அம்மாவின் அடக்கம் முடிந்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது லேய்சா எழுந்து நின்று, ஊரே கேட்க, தம்பியைப் பார்த்து ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் கிளெமெட் பள்ளிக்கூடங்களுக்கு ஸாமிப் பாடப்புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்தார். 'ஊர்ப் புள்ளைங்களுக்குப் புத்தகம் எழுதறே. சொந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லித் தரல. அம்மா தன் பேத்தியோட ஒரு நாள்கூடத் தன் பாஷையில பேசாமலே போயிட்டா.' அன்றைக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனவர்தான் கிளெமெட், பிறகு அக்காளிடம் பேசவே இல்லை.

"அவ சொன்னது பொய்யில்ல," என்றார் கிளெமெட். "ரிஸ்டின் மூணு வயசு வரைக்கும் பேசல. பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க ஒரு நர்ஸ், நல்ல பொம்பளதான், ரெண்டு பாஷை குழந்தையக் குழப்பும், ஒண்ணு போதும்னு வெச்சுக்கங்கன்னாங்க. என் பொண்டாட்டிக்கு ஸாமி தெரியாது. அப்ப எத வெக்கறது? நார்வீஜியத்த வெச்சோம். ஆறு மாசத்துல பேச ஆரம்பிச்சுட்டா. அதுக்கப்புறம் எனக்குத் தைரியம் வரல."

"இது லேய்சாவுக்குத் தெரியுமா?"

"சொல்ல விட்டாளா?"

என்னால் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. அதே வாரம் ஊராட்சிச் செயலர் என்னைக் கூப்பிட்டார். ஏப்ரல் மன்றக் கூட்டத்துக்கு ஹால்வார் ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறார் என்றார். ஹால்வார் மன்ற உறுப்பினர், மேல்பள்ளத்தாக்கில் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர். கிரான்மோ ஸாமி மொழி நிர்வாகப் பகுதியிலிருந்து வெளியேற வேண்டும் என்பது தீர்மானம். நான்கு வருடத்தில் அந்த மொழியில் எழுதியது ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு விஷயத்துக்காக என்று காரணம் காட்டியிருந்தார். கடிதங்கள் எல்லாம் என் பிரிவில் வந்தவை என்பதால் சேவை எப்படி நடக்கிறது என்ற அறிக்கையை நான் எழுத வேண்டும்.

'சேவை நன்றாக நடக்கிறது' என்று ஒரு வரி எழுதினால் போதும். யாரும் கோப்பைத் திறந்து பார்க்கப் போவதில்லை, திறந்தாலும் படிக்கத் தெரியாது. நடந்ததை எழுதினால் ஹால்வாருக்கு நானே விறகு வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். ஒரு சனி ஞாயிறு முழுக்க இதையே யோசித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். என் கணவர் பொறுக்க முடியாமல், "ஒண்ணு எழுது, இல்ல பனிச்சறுக்குக்கு வா," என்றார். எழுதினேன். நான் சொல்லாத வாக்கியம் என் பெயரில் போயிருக்கிறது என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. அதை மறைத்துவிட்டு, இந்த மொழி மற்ற மொழி மாதிரிதான், நம்பலாம் என்று மன்றத்தில் சொல்லவும் எனக்கு வாய் வராது.

கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பேரிடமும் சொல்லிவிட நினைத்தேன். கிளெமெட் தலையை மட்டும் ஆட்டினார். லேய்சா வீட்டுக்கு மார்ச் முதல் வாரம் காரில் போனேன். பனிமான் இறைச்சி வேகும் வாசனை வாசலிலேயே வந்தது. லேய்சா எனக்கு ஒரு தட்டு வைத்து, எலும்பை உடைத்து மஜ்ஜையை எடுக்கக் கத்தியும் கொடுத்தார். சாப்பிடும்வரை வேலைப் பேச்சு கூடாது என்பது அவர் கணக்கு. தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் சொன்னேன்.

கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே கேட்டார்.

"விட்டுட்டானா? நாலையுமா?"

"நாலையும்."

"படிச்சிருக்கான்ல?"

"படிச்சிருக்காரு. கல்லப் பத்தி எழுதினதும் அவர்தான், நான் இல்ல."

"அது எனக்குத் தெரியாதாக்கும். பெர்கன்காரிக்கு எங்க ஏரியில எந்த மாசம் தண்ணி நிக்கும்னு எப்படித் தெரியும்?" பிறகு, "இனிமே அவன் படிக்க மாட்டானா?" என்றார்.

"கூடாது, லேய்சா. ஆரம்பத்துலயே கூடாதுதான். வேற ஆள் வர வரைக்கும் உங்க விண்ணப்பம் காத்திருக்கணும். அஞ்சாறு மாசம் ஆகலாம்."

"வேற ஆள் வேணாம்."

"நார்வீஜியத்துல எழுதறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல. நீ படி. என்னோட வரியக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சுதுல்ல? வீட்டுக்கு அனுமதின்னு எழுதவும் தெரியும்."

"நான் எழுதினா தப்பாத்தான் இருக்கும்."

"தப்பா எழுதினா திருத்தலாம். எழுதாததத் திருத்த முடியாது."

அனுமதிக் கடிதத்தை நானே எழுதினேன். பதினொரு வரிதான். நான்கு நாள் ஆயிற்று. அந்த மொழியில் பெயர்ச்சொல்லுக்கு எட்டு வேற்றுமை இருக்கிறது. 'ஏரிக்கரையில்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஏரிக்கரையோடு' என்று எழுதினேன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு வாரத்தில் கடிதம் திரும்பி வந்தது. சிவப்புப் பென்சிலால் இருபத்து மூன்று இடத்தில் திருத்தம். கீழே நார்வீஜியத்தில் ஒரு குறிப்பு: 'நன்றாகப் படித்து, சுத்தமாக எழுதி, மறுபடி அனுப்பவும்.' அனுப்பினேன். சட்டப்படி எந்தக் கடிதம் செல்லும் என்று செயலர் கேட்டார். இரண்டும் என்றேன்.

மன்றக் கூட்டம் ஏப்ரல் பதினாறாம் தேதி மதியம். வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. பதினேழு உறுப்பினர்கள் இருந்தார்கள். தலைவர் குன்வோர், ஓய்வு பெற்ற தபால்காரி, எதற்கும் பதற மாட்டார். பொதுமக்கள் வரிசையில் வழக்கமாக இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு நாற்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் லேய்சா. அறிக்கையைப் படித்தவர்கள் அவரையும், சுவரோரம் நின்ற கிளெமெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ஹால்வார் எழுந்தார். "நான் ஸாமி மொழிக்கு விரோதி இல்ல. என் பக்கத்துப் பண்ணைக்காரன் ஸாமி, அவனும் நானும் நாப்பது வருஷமா நல்லா இருக்கோம். ஆனா ஒருத்தி எழுதறா, அவ தம்பி மொழிபெயர்க்கறான், அதுலயும் பாதிய விட்டுடறான்னு தோருன் எழுதியிருக்காங்க. இதுக்கு ஒரு ஊராட்சி எதுக்கு? அவங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை போதும்."

சிரிப்பு எழுந்தது. 

பொதுமக்கள் யாராவது பேசுகிறீர்களா என்று குன்வோர் கேட்டார். லேய்சா எழுந்து ஸாமியில் ஒரு வாக்கியம் சொன்னார். அவருக்கு அந்த உரிமை உண்டு. மன்றத்தில் ஸாமியில் பேசலாம், ஊராட்சி மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்ல வேண்டும். குன்வோர் சுவரோரம் பார்த்தார். பிறகு ஹால்வாரைப் பார்த்தார்.

"கிளெமெட் அவங்க தம்பி. வேற ஆள் இல்ல. உங்களுக்கு ஆட்சேபம் உண்டா, ஹால்வார்?"

"எனக்கென்ன," என்றார் ஹால்வார். "பண்ணட்டும். எவ்வளவு விடறான்னு தோருன் எண்ணிக்கிட்டு இருக்கட்டும்."

கிளெமெட் முன்னால் வந்து அக்காளுக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு நாற்காலி அகலம் இருந்தது. மன்றத்தில் மொழிபெயர்ப்பவர் பேசுகிறவரின் வாயாக நிற்க வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றே சொல்ல வேண்டும். லேய்சா ஒன்று சொல்வதும் நிறுத்துவதுமாகப் பேசினார். கிளெமெட் மேசை மேலிருந்த தண்ணீர்க் கூஜாவைப் பார்த்தபடி அதை நார்வீஜியத்தில் சொன்னார்.

"என் பேரு லேய்சா. அறுபத்தாறு வருஷமா இந்த ஊராட்சியில இருக்கேன். இந்த மண்டபத்துல என் பாஷைய இன்னிக்குத்தான் முதல் தடவ கேக்கறேன். அதுவும் நானே பேசி."

"ஒருத்திக்காக நடத்த முடியாதுன்னு ஹால்வார் சொல்றாரு. அவரு பண்ணைக்குப் போற ரோட்டுல அவர் வீட்ட விட்டா வேற வீடு இல்ல. குளிர்காலம் முழுக்க அதுல பனி தள்ற வண்டி தினம் ரெண்டு நட போகுது. நான் குறை சொல்லல. போகட்டும்."

இப்போது சிரிப்பு அதிகமாக இருந்தது. ஹால்வாரும் சிரித்து, தலையைச் சொறிந்துகொண்டார்.

லேய்சா அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். கிளெமெட் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். மண்டபத்தில் ஸாமி தெரிந்தவர்கள் நான்கைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கும் அது புரிந்தது. குன்வோர் காத்திருந்தார்.

"நான் சட்டத்துக்காக எழுதல," என்றார் கிளெமெட். "என் தம்பி படிப்பான்னு எழுதினேன்."

லேய்சா அவர் பக்கம் திரும்பவில்லை. தொடர்ந்தார்.

"பதினொரு வருஷத்துக்கு முந்தி, எங்கம்மா அடக்கத்தன்னிக்கு, ஊரு முன்னாடி என் தம்பிய அவமானப்படுத்தினேன். சொந்தப் பொண்ணுக்குத் தன் பாஷையக் குடுக்கலன்னு சொன்னேன். ஏன்னு நான் கேக்கல. என் தம்பி..." கிளெமெட் இங்கே நிறுத்தி, கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தார்.  "என் தம்பி கல்நெஞ்சுக்காரன் இல்லன்னு எனக்குத் தெரியும். கேட்டிருக்கணும். இத மன்றத்துல பேசக்கூடாதுன்னா தலைவர் நிறுத்தலாம்."

"உங்களுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு," என்றார் குன்வோர். பிறகு கிளெமெட்டைப் பார்த்து, "கொஞ்சம் இடைவேளை விடட்டுமா?" என்றார்.

"வேணாம். முடிச்சுடறேன்."

"முடிவா ஒண்ணு," என்றார் லேய்சா, கிளெமெட்டின் வாயால். "எங்க சண்டை எங்க வீட்டு மேசையில பேச வேண்டியதுதான். ஹால்வார் சொன்னது சரி. ஆனா வீட்டு மேசையில மட்டும் பேசற பாஷை, சண்டை வந்தா அங்கயும் நின்னு போயிடுது. பதினொரு வருஷம் எங்க வீட்டுல நின்னு போச்சு. அதுக்கு வெளியிலயும் ஒரு எடம் வேணும். தபால் போடற எடமாவது."

உட்கார்ந்துவிட்டார். கிளெமெட் நின்றுகொண்டே இருந்தார், அடுத்து எங்கே போவது என்று தெரியாதவர் மாதிரி. ஹால்வார் என் பக்கம் திரும்பி, "எத்தன விட்டான்?" என்றார்.

"ஒண்ணும் விடல," என்றேன்.

வாக்கெடுப்பு நடந்தது. வெளியேற வேண்டும் என்று ஏழு பேர், வேண்டாம் என்று பத்துப் பேர். ஹால்வார் தன் தீர்மானத்துக்கே கை தூக்கினார். "பேச்சு நல்லாருந்துச்சு. ஆனா என் கருத்து என் கருத்துதான்," என்று போகும்போது லேய்சாவிடம் சொன்னார். லேய்சா அவர் கையைக் குலுக்கினார்.

தாழ்வாரத்தில், காலணி மாட்டும் பெஞ்சில் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கோட்டை எடுக்கப் போனபோது கிளெமெட் வேகமாக, தாழ்ந்த குரலில் ஸாமியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று வயது என்ற சொல்லும், பாஷை என்ற சொல்லும் காதில் விழுந்தன. லேய்சா அசையாமல் கேட்டார். அதற்கு அவர் சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது.

"இத நீ என்கிட்ட சொல்லியிருக்கணும்டா."

"நீ கேக்கல, அக்கா."

"கேக்கலன்னா? வாயில என்ன வெச்சிருந்தே?"

"நீ அன்னிக்குப் பேச விட்டியா?"

"பதினொரு வருஷமா நான் பேசிக்கிட்டேவா இருந்தேன்?"

அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளே அடுத்த பொருளாகக் குடிநீர்த் தொட்டி விவகாரம் நடந்துகொண்டிருந்ததால், அலுவலக உதவியாளர் வந்து மண்டபக் கதவைச் சாத்தினார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டேன்.

கிளெமெட்டுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கிடைத்தது. படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்திட்டதற்கு எனக்கும் ஒரு கடிதம் வந்தது. இரண்டும் நியாயம்தான். பக்கத்து ஊராட்சியோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். கிளெமெட்டின் சொந்தக்காரர்கள் எழுதுவதை அங்கே விடுப்பு முடிந்து வந்தவள் மொழிபெயர்ப்பாள், அவளுடைய சொந்தக்காரர்கள் எழுதுவதைக் கிளெமெட் மொழிபெயர்ப்பார். கோடையில் இன்னும் மூன்று பேர் ஸாமியில் எழுதினார்கள். ஒருவருடையது பக்கத்து வீட்டு நாய் பற்றிய புகார். அதுவும் ஒரு தொடக்கம்தான்.

அக்டோபரில் லேய்சாவின் வீட்டை முடிவுப் பரிசோதனைக்குப் பார்க்கப் போனேன். அளவு நாடா, படிவம், டார்ச் விளக்கு. வீடு வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது, வாசல்படி மட்டும் ஒன்று கூடுதல். ரிஸ்டின் வந்திருந்தாள். ஜன்னல் சட்டத்துக்கு வெள்ளை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள், முழங்கைவரை வர்ணம். உள்ளே கிளெமெட் அடுப்புக்குப் பின்னால் தகடு பொருத்திக்கொண்டிருந்தார்.

"சேஸா," என்று ரிஸ்டின் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். அத்தை என்று பொருள். நார்வீஜியத்தில் அத்தைக்கும் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே சொல்தான், யார் வழி உறவு என்று தனியாக விளக்க வேண்டும். "சேஸா, இந்த வர்ணம்..." அதற்குமேல் சொல் கிடைக்காமல் தூரிகையைத் தூக்கிக் காட்டினாள்.

"காயல," என்று லேய்சா உள்ளேயிருந்து சொல் எடுத்துக் கொடுத்தார்.

"இந்த வர்ணம் காயல."

"குளிர்ல காயாது. உள்ள வா, காபி ஆகுது."

கிளெமெட் அடுப்புக்குப் பின்னாலிருந்து, அந்த இடத்தில் அந்தச் சொல் வராது, துணிக்குத்தான் அப்படிச் சொல்வது, வர்ணத்துக்கு வேறு சொல் என்றார். லேய்சா, எந்தப் புத்தகத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டார். கிளெமெட், தான் எழுதிய புத்தகத்தில் என்றார். அப்படியானால் புத்தகத்தில்தான் தப்பு என்றார் லேய்சா. ரிஸ்டின் தூரிகையைத் தகர டப்பாமேல் வைத்துவிட்டு, இரண்டு சொல்லையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

நான் படிவத்தை ஜன்னல் பலகைமேல் வைத்து எழுதினேன். வாசல்படி நான்கு, வரைபடத்தில் மூன்று, ஏற்கத்தக்கது. ஸாமியில்தான் எழுதினேன். 'வாசல்படி' என்பதற்குப் பன்மை எப்படி என்று ஒரு தடவை உள்ளே கேட்க வேண்டியிருந்தது. மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். நான் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு காபிக்கு உட்கார்ந்தோம். உலர்ந்த இறைச்சியைச் சீவிக் காபியில் போட்டுக் கொடுத்தார் லேய்சா. அதை நான் இருபத்தோரு வருடமாகத் தவிர்த்து வந்திருக்கிறேன். அன்றைக்குக் குடித்தேன். அவ்வளவு மோசமில்லை.